அவர் பெயரில் நான் மாற்றிய கார்

கண்ணா,

நீயும் மீனாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். உன் கடிதம் வியாழக்கிழமை காலைத் தபாலில் வந்தது. படித்த கையோடு பதில் எழுதியிருந்தால் இரண்டே வரியில் முடித்திருப்பேன், அதுவும் நல்ல வரியாக இருந்திருக்காது. அதனால்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் பேனாவைத் தொடவில்லை. இப்போது நிறைய எழுதப்போகிறேன். இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டுப் படி.

அடுத்த மாதம் அப்பாவின் வருஷாப்தீகத்துக்கு வருகிறாய். அது முடிந்ததும் ஆழ்வார்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டு என்னைப் பம்பாய்க்கு அழைத்துப்போவதாக முடிவு செய்திருக்கிறாய். காரையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், அப்பா எப்படி நினைத்தாரோ அப்படியே திருப்பிக் கட்டப்போகிறாய். அதெல்லாம் இருக்கட்டும். "அப்பா சொன்னார், அப்பா சொன்னார் என்று செத்துப்போன மனுஷர் வாயில் வார்த்தையைப் போட்டு அவர் காரைக் கெடுத்த மூன்று பேரும் அன்றைக்கு நம் வீட்டு வாசல் ஏறக்கூடாது, ஜோசப்புக்கு இதை நறுக்கென்று எழுதியும் விட்டேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோதுதான் ஐந்து வாரமாக அவர்கள் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நாலு டம்ளர் காபிக்கு டிகாக்‌ஷன் இறக்கிவைத்துவிட்டு, பதினோரு மணிக்கு எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா வாயில் வார்த்தையைப் போட்டது அவர்கள் இல்லை, நான்தான். அந்தக் கார் இன்றைக்கு இருக்கிற மாதிரி இருப்பதற்கு முழுக் காரணம் உன் அம்மா.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் நின்ற பக்கத்திலிருந்து நீ அதைக் கேட்டதில்லை. அடையாற்றில் பங்களாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அப்பா அதை வாங்கிவந்தபோது நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். கூரை கிடையாது. இரண்டு பேருக்குத்தான் இடம். நீள மூக்கு, சக்கரத்துக்கு சைக்கிள் மாதிரி கம்பிகள், இடுப்புக்குக் கீழே வளைத்து வெட்டிய கதவு. இன்சூரன்ஸ் ஆபீசில் பைல் பார்க்கிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று உன் தாத்தா கேட்டார். அந்த வாரமே அப்பா என்னை ஏற்றிக்கொண்டு எலியட்ஸ் பீச்சுக்குப் போனார். காற்றில் தலைப்பை ஒரு கையால் பிடிப்பதா, கதவைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. கால் தரையில் எட்டவில்லை. இறங்கும்போது, என் பக்கமாக வெளியே ஓடுகிற புகைக்குழாயில் கணுக்கால் பட்டுப் பொசுங்கிவிட்டது. "பாத்து இறங்கப்படாதோ?" என்றார் அப்பா. நான் "ஒண்ணுமில்லை" என்றேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

அறுபத்தாறில் எஞ்சின் அடித்துப்போயிற்று. சீமையில் அந்தக் காரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், சாமான் எங்கிருந்து வரும்? அதற்கப்புறம் கார் ஓடவில்லை, பேச்சுதான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி அடித்தால் மூன்று பேரும் ஷெட்டுக்கு வந்துவிடுவார்கள். காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் சேஷாத்ரி. பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற கம்பெனியில் டிராப்ட்ஸ்மேனாக இருக்கிற சாந்தோம் ஜோசப். ராயப்பேட்டையில் லேத் வைத்திருக்கும் கபாலி. அவர்களுக்கு எட்டு வருஷமும் ஒரே கேள்விதான். இந்தக் காரை இன்றைக்கு, இந்த ஊருக்கென்று, புதிதாகச் செய்வதானால் எப்படிச் செய்யலாம்? ஜோசப் ஷெட் தரையில் சாக்பீஸால் காரை முழு அளவுக்கு வரைந்துவைத்துவிடுவார், ஒரு மாதம் அங்கே நான் விளக்குமாறு போடக்கூடாது. பிள்ளையார் சதுர்த்திக்கு மாடவீதியில் வாங்கின களிமண்ணில் மீதியை எடுத்து அப்பா காருக்கு மூக்கு பிடித்துக்கொண்டிருப்பார்.

சண்டை என்றால் அப்படி ஒரு சண்டை. "உள்ளே என்ன வேணா மாத்துங்க சார், மூஞ்சி மட்டும் மாறக்கூடாது. தூரத்துல வரும்போதே இது அந்தக் கார்தான்னு தெரியணும்" என்பார் ஜோசப். "மூஞ்சியை வெச்சுண்டு என்ன பண்றது? வெயிட்டைக் குறையும் ஓய். பெட்ரோல் விக்கற விலைல இந்த இரும்பையெல்லாம் இழுத்துண்டு போக முடியுமா?" என்பார் சேஷாத்ரி. கபாலிக்கு ஒரே சட்டம்தான். "வண்டி நடு ரோட்டுல நின்னா புதுப்பேட்டைல சாமான் கெடைக்கணும் சார். சீமைக்கு லெட்டர் போட்டுட்டு குந்திக்கினு இருக்கவா?" அப்பாவுக்குக் காற்று. காற்று தன் மேல் பட்டதே காருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவு வழவழப்பாக வேண்டும் அவருக்கு. கண்ணாடியைச் சாய்ப்பார், பின்பக்கத்தை இழுப்பார், மறுவாரம் எல்லாவற்றையும் அழிப்பார். நான் காபித் தட்டோடு ஷெட் வாசலில் நின்று எட்டு வருஷம் இதைக் கேட்டேன். ஒரே ஒரு தடவை, "மழை வந்தா என்ன பண்றது?" என்று கேட்டேன். "மழை வந்தா வெளில எடுக்கமாட்டோம்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

போன ஐப்பசியில் அப்பா மூன்று நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். நீ வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள், நீயும் கேட்டாய். "ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்கறது" என்றார். அதுதான். நான் ஜன்னலைச் சாத்தினேன். அப்புறம் நடந்தது எதுவும் என்னைத் தொடவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதுதானா என்று தடவிப் பார்த்துக்கொள்வோமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. காபி வெந்நீராக இருந்தது. அவர் சட்டைகளை மடித்து வைத்தேன், துணிக்கடைக்காரன் மடிப்பதுபோல் மடித்தேன். "கல்லு மாதிரி உக்காந்துண்டிருக்கா பாரு" என்று உன் அத்தை என் காதில் விழும்படியே சொன்னாள். உன் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது, நீ வாயால் கேட்கவில்லை. எனக்கு அழக்கூடாது என்றில்லை கண்ணா, அழுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் எல்லோரும் கிளம்பிப்போன பிறகு வந்த முதல் ஞாயிறு, ஒன்பது மணிக்கு மூன்று பேரும் வந்து நின்றார்கள். பழக்கத்தில் வந்துவிட்டார்கள், வந்தபின் என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் பழக்கத்தில் காபி கலந்தேன். ஷெட்டில் கார் பாதி பிரித்துக் கிடந்தது. அந்த வருஷம்தான் பேச்சை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்திருந்தார்கள். இங்கே ஓடுகிற டாக்ஸி எஞ்சின் ஒன்றைக் கபாலி அதற்குள் பொருத்திவிட்டிருந்தார். கபாலிதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கதவு வேலை பாக்கி கீது மாமி. சார் ஆஸ்பத்திரில இன்னாவாச்சும் சொன்னாரா?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கதவுக் கீலை முன்பக்கம் வைக்கச் சொன்னார். பின்பக்கம் இருந்தா ஓடறச்சே காத்து கதவைப் பிடுங்கிண்டு போயிடும்னார். கதவை இவ்வளவு தாழ்வா வெட்டவேண்டாம்னும் சொன்னார்" என்று வந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேஷாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜோசப் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

இது எனக்குப் புதிது இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் இப்படித்தான் பேசிவந்திருக்கிறேன். ஓரகத்தியிடம் முடியாது என்று சொல்லவேண்டுமானால் "அவர் வேண்டாம்ங்கறார்". மாமியாரிடம் ஒன்று வேண்டுமென்றால் "அவர் ஆசைப்படறார்". நான் என்று ஆரம்பித்தால் எடுபடாது, அவர் என்று ஆரம்பித்தால் உடனே நடக்கும். உனக்குப் பதினேழு வயதில் ஸ்கூட்டர் வேண்டுமென்று நின்றாயே, "அப்பா கூடவே கூடாதுன்னுட்டார்" என்று நான் வந்து சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அப்பாவுக்கு அதுபற்றி ஒன்றுமே தெரியாது. பயந்தது நான். நீ ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. என்ன விஷயம் என்று அவர் என்னைக் கேட்டார், சொன்னேன். "சரி, என் பேர்லயே இருக்கட்டும்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கடைசிவரைக்கும் உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை எத்தனையோ தடவை உன்னிடம் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். அது பெரிய தப்பு. அந்த ஒரு மாதத்தை உங்கள் இரண்டு பேருக்கும் என்னால் திருப்பித் தரமுடியாது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அப்பா நிறையப் பேசினார். கூரைத் துணியை மாட்ட இரண்டு ஆள் கால்மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்ததே, அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் இழுத்து மாட்டும்படி செய்யச் சொன்னார். புகைக்குழாயைக் காருக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னார். இடதுபக்கத்து சீட்டை நாலு விரல் உயர்த்தி, குட்டையான ஆளுக்கும் கால் எட்டுகிற மாதிரி சாய்வாக ஒரு பலகை போடச் சொன்னார். முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. காய்கறிப் பை வைக்க சீட்டுக்குப் பின்னால் இடம். சேஷாத்ரி ஒருநாள் மட்டும், "சார் காய்கறிப் பையைப் பத்தியா பேசினார்?" என்று கேட்டார். "ஆமாம், மயக்கத்திலே" என்றேன். எனக்கே வெட்கமாக இல்லை. மற்ற ஆறு நாளும் நான் வாயைத் திறந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

மூஞ்சி மாறவில்லை, அதை ஜோசப் விடவில்லை. ஆனி மாதம் ஒரு சாயந்திரம் கார் முதல்முதலாக வெளியே வந்தது. ஜோசப் ஓட்டினார், என்னை இடதுபக்கம் உட்காரச் சொன்னார்கள். "வருஷம் திரும்பலே, அதுக்குள்ளே கார்ல ஊர்வலம்" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது. அடையாறு பாலம் வரைக்கும் போனோம். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கையை நீட்டிக் கூரையை இழுத்தேன், ஒரே இழுப்பில் வந்து உட்கார்ந்தது. கால் பலகையில் பதிந்திருந்தது. எங்கேயும் சுடவில்லை. "எப்படி இருக்கு மாமி?" என்று ஜோசப் கேட்டார். "சரியா இருக்கு" என்றேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசியே இல்லாதவள் முன்னால் நல்ல சாப்பாட்டைப் பரிமாறினதுபோல் இருந்தது. அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆடியில் ஆபீஸ் வேலையாக வந்த நீ ஷெட்டைத் திறந்து பார்த்தாய். அப்பா சொன்னபடிதான் செய்தோம் என்று ஜோசப் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்றைக்கே ரயிலேறினாய். இப்போது கடிதத்தோடு அப்பாவின் படத்தை வைத்து அனுப்பியிருக்கிறாய். போகிறதற்கு இரண்டு மாதம் முன்னால் அவர் உனக்கு அனுப்பினது, காரை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று போட்ட படம். "இதுதான் அப்பா நினைத்த கார், நீயே பார்" என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன். நீ சரியாகப் பார்த்தாயா? வலதுபக்கம் ஸ்டியரிங்கும் ஒரு சீட்டும் இருக்கின்றன. இடதுபக்கத்தில் சீட்டே இல்லை. அந்த இடத்தைத் தகடு போட்டு மூடி, சுற்றிலும் ஆணி இடம் குறித்து, பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இந்த சீட் தேவையில்லை. மூடிவிட்டால் காற்று தடைபடாது."

அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த கரண்டியைச் சுவரைப் பார்த்து விட்டெறிந்தேன். கூடத்துக்குப் போய் அவர் போட்டோவுக்கு முன்னால் நின்று, "ஏன்னா, நேக்கு உக்கார ஒரு இடம் வேண்டாமா? தகடு போட்டா மூடுவேள்?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும். அப்படியொரு கோபம் எனக்குக் கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவர் மேல் வந்ததில்லை. கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பதினோரு மாதம் கழித்து, ரசம் வற்றித் தீய்ந்துபோகும்வரைக்கும் தரையில் உட்கார்ந்து அழுதேன். இனிமேல் நீ யாரிடமும் அம்மா அழவில்லை என்று சொல்லவேண்டாம்.

வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து சாந்தோமுக்குப் போனேன். ஜோசப் வீட்டில் கபாலியும் இருந்தார். உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவதென்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்களாம். நான் உட்காரக்கூட இல்லை. "ஆஸ்பத்திரியிலே அவர் காரைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அத்தனையும் நான் சொன்ன பொய். என்னாலே நீங்க என் பிள்ளைகிட்டே பேச்சு வாங்கிட்டேள்" என்றேன். ஜோசப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "இதைப் போட்டதே நான்தான் மாமி. சார் சொல்லச் சொல்ல நான் வரைஞ்சேன். அந்தப் பென்சில் எழுத்து மட்டும்தான் அவரோடது."

"அப்போ முதல் நாளே தெரியுமா?" என்றேன்.

"தெரியாம இன்னா? நாங்க இன்னா கூமுட்டையா?" என்றார் கபாலி. "மூடப்போற சீட்டுக்குக் கதவு எதுக்கு, கீலு எதுக்கு? ஆனா மாமி, அன்னைக்கு நீங்க கீலைப் பத்திப் பேசச் சொல்லோதான் உங்க மூஞ்சில ஒரு உசுரு வந்திச்சு. அதுக்கு முன்னாடி பொம்மை கணக்கா குந்திக்கினு இருந்தீங்க. பேசட்டும், நாம செஞ்சுக்கினே போலாம்னு பிசிக்ஸ் வாத்தியார்தான் சொன்னாரு." ஜோசப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "காரும் நல்லாத்தான் வந்திருக்கு. எட்டு வருஷம் நாலு பேரும் பேசினோம். அதுல ஒருத்தர் பக்கத்துல உக்காருவாங்கன்னு எங்களுக்குத் தோணலை" என்றார்.

இதில் உன் அப்பாவைக் கெட்டவராக நினைத்துவிடாதே. நான் நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. கணுக்கால் சுட்டபோது "ஒண்ணுமில்லை" என்று சொன்னது நான். கால் எட்டவில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, அவர்கள் சிரித்ததும் சேர்ந்து சிரித்தேன். செய்யாத தப்பைத் தன் பேரிலேயே இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்ட மனுஷர் அவர். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மறுநாளே கீலைக் கழற்றி மாற்றியிருப்பார். சொல்லாமல் விட்டேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீயும் அவர் பிள்ளைதான். பால்கனியை அடைத்து எனக்கு அறை கட்டச் சொல்லியிருக்கிறாய், கட்டிலும் வாங்கிவிட்டாய். எல்லாம் பிரியத்தில் செய்வதுதான், தெரிகிறது. ஆனால் அந்தப் பால்கனியில்தான் மீனா சாயந்திரம் உட்கார்ந்து வீணை வாசிப்பதாக எனக்கு எழுதியிருந்தாள். அவளைக் கேட்டாயா? கேட்டிருந்தாலும் "பரவாயில்லை" என்றிருப்பாள். அந்தப் பரவாயில்லையை நம்பாதே. இரண்டாம் தடவை கேள், மூன்றாம் தடவையும் கேள். அவள் "உங்கள் பிள்ளை வேண்டாம் என்கிறார்" என்று எனக்கு எழுத ஆரம்பித்தால், அது நீ சொன்னதா அவள் சொன்னதா என்று எனக்குத் தெரிந்துவிடும், நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

இன்று காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். நாலு டம்ளர் காபியும் செலவாயிற்று. நீ முதலில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுது. அதை நான் எழுதித் தரமாட்டேன், உன் கையால் எழுது. வருஷாப்தீகத்துக்கு அவர்கள் வருவார்கள், வாசலில் நின்று நீதான் உள்ளே அழைக்கவேண்டும். அந்தக் கார்ப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன், அது உனக்கு அவர் அனுப்பினது, உன்னிடமே இருக்கட்டும். கார் இந்த ஷெட்டிலேயே இருக்கும். நான் பம்பாய்க்கு வரவில்லை. இது அப்பா சொன்னது இல்லை கண்ணா, நான் சொல்கிறேன்.

அம்மா